குற்றாலத்து மங்குஸ்தானும் குளிர் தாங்கும் செர்ரியும்

குளிர் தாங்குதிறன் என்பது, தாழ்ந்த வெப்பநிலையிலும் திசுக்கள் சிதையாமல் பிழைத்திருக்கும் மரத்தின் ஆற்றலாகும். ஒரு பழமரம் எந்த ஊரில் நிலைக்கும் என்பதை இதுவே பெரிதும் முடிவு செய்கிறது. குற்றாலத்தின் தோட்ட வரலாறு இதற்கு நல்ல சான்று.

1796இல் மொலுக்கா தீவுகளை ஆங்கிலேயர் கைப்பற்றியதும், ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் தோட்டங்களுக்கு வரத் தொடங்கின. குற்றாலத்திலும் கம்பெனி நறுமணப் பயிர்த் தோட்டம் அமைத்தது. ஆரியங்காவு கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று இங்கே சாரலைத் தருகிறது. மலையடிவாரம் என்பதால் உறைபனியும் இல்லை. மலாய்த் தீவுப் பகுதியைச் சேர்ந்த மங்குஸ்தானும் இங்கு வேரூன்றியது இதனால்தான்.

மங்குஸ்தான் ஏறக்குறைய 4 பாகை செல்சியசுக்குக் கீழே தாங்காது. இளம் நாற்றுகள் 7 பாகையிலேயே மடிந்துவிடும். நீலகிரியிலும் மலைச்சரிவின் கீழ்ப்பகுதியிலுள்ள கல்லாறு, பர்லியாறு பண்ணைகளில்தான் இம்மரம் காய்க்கிறது. உறைபனி விழும் உதகையில் அதற்கு இடமில்லை.

செர்ரியின் கதை நேர்மாறானது. மொட்டு விரிய அதற்குக் குளிர்காலம் கட்டாயம் வேண்டும். ஆயினும் மலர்ந்த பூக்கள் உறைநிலைக்கு 4 பாகை கீழே போனால் பெரும்பாலும் கருகிவிடும். எனவே குளிர் தாங்கும் புதிய வகைகளைத் தேடினார்கள். கனடாவின் சஸ்காட்சுவானில் லெஸ் கெர் என்பவர் 1940களில் புளிப்புச் செர்ரியையும், கடுங்குளிர் தாங்கும் குட்டைச் செர்ரியையும் கலப்பு செய்தார். அப்பணியைத் தொடர்ந்த சஸ்காட்சுவான் பல்கலைக்கழகம் 1999இல் 'கார்மைன் ஜூவல்' என்ற வகையை வெளியிட்டது.

மங்குஸ்தானில் இவ்வழி எளிதன்று. அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாவதால், நாற்று பெரும்பாலும் தாய்மரத்தின் நகலாகவே இருக்கும். நாற்றுகள் வேறுபட்டால்தானே அவற்றுள் குளிர் தாங்குவதைப் பொறுக்கி எடுக்க முடியும்? வேறுபாடு குறைவு என்பதால் ஒரு மரத்தைக் கொல்லும் பனியோ வறட்சியோ மற்றவற்றையும் விட்டுவைக்காது. விதையிலிருந்து வளர்த்த மரம் காய்க்கவும் பல ஆண்டுகள் ஆகும்.

செர்ரியை ஊருக்கேற்ப மாற்ற முடிந்தது. மங்குஸ்தானுக்கோ ஏற்ற ஊரைத்தான் தேட வேண்டியிருந்தது. அத்தகைய ஊர்கள் தமிழ்நாட்டில் மிகச் சிலவே. ஆகவே குற்றாலத்தின் பழைய மரங்களையும், அவற்றுக்கு ஈரம் தரும் காட்டையும் காப்பது இப்பழத்தையே காப்பதாகும்.