ஒட்டடைக்கொம்பும் ஜப்பான் வாளும்

1555-ம் ஆண்டு. சீனாவின் கிழக்குக் கடற்கரையில் ஒரு கொள்ளைக்கூட்டம் வந்து இறங்கியது. எத்தனை பேர் என்கிறீர்கள்? ஐம்பதுக்கு மேல், எழுபதுக்குள்! ஊர் ஊராகப் புகுந்து, வெட்டி, கொளுத்தி, கடைசியில் நான்ஜிங் நகரத்தின் கோட்டை வாசல் வரை வந்துவிட்டார்கள். மிங் பேரரசின் இரண்டாவது தலைநகரம் அது. அங்கே இருந்ததாகக் கணக்கில் காட்டப்பட்ட காவல்படை 1,20,000 பேர். ம்ஹூம், ஒருவரும் வெளியே வந்து அசைக்கவில்லை. அந்தக் கூட்டத்தை ஒருவழியாக மடக்கி ஒழிப்பதற்குள், செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சேர்ந்து சுமார் 4,000 பேர்!

சீனர்கள் இவர்களை 'ஜப்பான் கொள்ளையர்' என்றார்கள். உண்மையில் அந்தக் கூட்டங்களில் சீனர்களும் ஏகப்பட்ட பேர். தனியார் யாரும் கடல் வாணிபம் செய்யக்கூடாது என்று பேரரசு தடை போட்டுவிட, வியாபாரிகளெல்லாம் கடத்தல்காரர்களாகி, கடத்தல்காரர்கள் கொள்ளைக்காரர்களாகிவிட்ட கதை அது. ஆனால், கையில் இருந்தது ஜப்பானிய வாள். இரண்டு கைகளாலும் பிடித்து வீசுகிற நீளமான வாள். ஒரே தாவலில் பத்தடியைக் கடந்து வந்து விழும் வெட்டு, ஈட்டிக் காம்பையும் துண்டாக்கிவிடும். எதிரே நின்ற மிங் சிப்பாயோ, அப்பா சிப்பாயாக இருந்த ஒரே பாவத்துக்காகச் சிப்பாயானவன். பாதிப்பேர் ஏட்டில் மட்டுமே இருந்தார்கள். மீதிப்பேர் அதிகாரிகளின் வீட்டு வேலை பார்த்தார்கள். வாள் பளபளத்ததும் ஓடாமல் என்ன செய்வார்கள்?

அதே 1555-ல்தான் சி ஜிகுவாங் என்கிற இளம் அதிகாரி செஜியாங் மாகாணத்துக்கு மாற்றலாகி வருகிறார். அவருக்கு அப்போது 27 வயது. இந்த ஓட்டத்தை முதலில் கண்ணால் பார்த்தார். பிறகு அவர் செய்ததுதான் சுவாரசியம். 'பயப்படாதே' என்று யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. மனிதன் பயப்படத்தான் செய்வான், கற்ற வித்தையில் பாதியைக் களத்தில் காட்டினாலே ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

முதல் காரியம், ஆள் தேர்வு. யிவு என்ற மலைப்பகுதியில் வெள்ளிச் சுரங்கத் தகராறில் ஜனங்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட ஆக்ரோஷத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும், 'இவர்கள்தான் வேண்டும்!' என்று 1559-ல் சுமார் 3,000 பேரைத் திரட்டினார். பட்டணத்து ஆசாமிகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பளபளவென்று வெளுத்த முகமா, வாய் சாமர்த்தியமா... போய் வா! வெயிலில் கறுத்துக் காய்த்துப் போன விவசாயிதான் வேண்டும். நீங்களும் நானும் வரிசையில் நின்றிருந்தால் நிச்சயம் அவுட்.

அடுத்து அணிவகுப்பு. மொத்தம் 12 பேர். முன்னால் தலைவர். அடுத்து இரண்டு கேடயக்காரர்கள். ஒருவரிடம் ஆளையே மறைக்கும் நீளக் கேடயம். இன்னொருவரிடம் பிரம்பால் முடைந்த வட்டக் கேடயம், கூடவே எறிஈட்டியும் வாளும். கேடயக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நான்கு நீள ஈட்டிகள். பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள சூலம் ஏந்திய இருவர். எண்ணிப் பார்த்தால் ஒன்பது வரும். மிச்சம் மூன்று பேரில் ஒருவர்... சமையல்காரர்!

பாக்கி இரண்டு பேரிடம் இருந்ததுதான் விசேஷம். 'ஓநாய்த் துடைப்பம்' என்று பெயர். பச்சை மூங்கிலைக் கிளைகளோடு அப்படியே வெட்டி, நுனியில் இரும்பு முனையைச் செருகியது. நீளம் சீனக் கணக்கில் 15 அடி. பார்த்தால் நம் வீட்டு ஒட்டடைக்கொம்பு மாதிரியே இருக்கும்! அதை எதிரியின் முகத்துக்கு நேரே நீட்டினால் அவன் கிட்டே வர முடியாது. வெட்டலாமே என்கிறீர்களா? வெட்டலாம். ஒரு கிளை போகும். மற்றவை வளையும், வாளைச் சிக்கவைக்கும். அந்த ஒரு விநாடி போதும், பக்கத்திலிருந்து ஈட்டி பாய்ந்துவிடும். இன்னொரு லாபத்தையும் சி ஜிகுவாங் குறித்து வைத்திருக்கிறார். இலையும் கிளையும் ஆளை மறைப்பதால், பிடித்திருப்பவனுக்குத் தைரியம் வருகிறது. கொல்வதற்கு மட்டுமல்ல, உதறலை அடக்கவும் ஓர் ஆயுதம்! தூக்கிப் பிடிக்க வலுவான தோள் இருந்தால் சரி, பெரிய வித்தை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

துப்பாக்கி இல்லையா? இருந்தது. ஆனால், மட்டமாகச் செய்யப்பட்ட குழாய்கள் சுடுபவன் கையிலேயே வெடித்தன.

இந்தப் பன்னிரண்டு பேர் அணிக்கு 'மாண்டரின் வாத்து' என்று பெயர். நமக்கு அன்றில் மாதிரி சீனர்களுக்கு அந்த வாத்து, ஜோடி பிரியாது. சி ஜிகுவாங் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். தலைவனைப் பலிகொடுத்துவிட்டு மற்றவர்கள் பின்வாங்கினால் அத்தனை பேருக்கும் மரண தண்டனை. ஜெயித்தால் எதிரியின் தலை ஒன்றுக்கு 30 டேல் வெள்ளி. வெட்டியவனுக்கு மட்டும் அல்ல, அணி முழுவதற்கும் அதில் பங்கு. சமையல்காரருக்கும் சின்னதாக ஒரு பங்கு உண்டு. கொடூரமான கணக்குதான். ஆனால், ஓடினால் சாவு நிச்சயம், நின்றால் பிழைக்க வாய்ப்பு என்றாகிவிட்டால் எந்தக் கோழையும் நிற்பான் அல்லவா?

நின்றார்கள். 1561-ல் தைச்சோ பகுதியில் மோதல் மேல் மோதலாக ஜெயித்தார்கள். அடுத்த வருடம் ஃபூஜியான் கடற்கரையில் ஒரு தீவுக் கோட்டை. கடல் உள்வாங்கிய நேரத்தில் ஆளுக்கொரு வைக்கோல் கட்டைச் சுமந்து போய், சேற்றில் போட்டு, அதன்மேல் நடந்து போய்த் தாக்கினார்கள். 1567-ல் பேரரசு கடல் வாணிபத் தடையையும் தளர்த்த, கொள்ளையர் தொல்லை ஓய்ந்தது.

சி ஜிகுவாங் வடக்கே பெருஞ்சுவர் பக்கம் மாற்றப்பட்டார். தன் செஜியாங் ஆட்களில் 3,000 பேரை அங்கே வரவழைத்தார். வந்து இறங்கிய அன்று கொட்டு கொட்டென்று மழை. காலையிலிருந்து மதியம் தாண்டும் வரை அசையாமல் நின்றார்களாம். வடக்கத்திச் சிப்பாய்கள் வாயடைத்துப் போனார்கள்.

அரசியல் மாறியதும் பதவி பறிக்கப்பட்ட சி ஜிகுவாங், 1588-ல் ஏழ்மையில் இறந்துபோனார். அவர் உருவாக்கிய படை மரபு மட்டும் தொடர்ந்தது. 1593-ல், கொரியாவைப் பிடித்திருந்த ஜப்பானியர்களிடமிருந்து பியோங்யாங் நகரத்தை மீட்டபோது, மதில் ஏறியவர்களில் இந்தத் தென்னகத்துக் காலாட்படையும் உண்டு. அசந்துபோன கொரியர்கள், சி ஜிகுவாங் எழுதிய போர்ப்பயிற்சி நூலைத் தேடிப்பிடித்து, ஓநாய்த் துடைப்பம் முதற்கொண்டு தங்கள் படைக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

மதில் ஏறியவர்களுக்கு? பேசிய பணம் வரவில்லை. ஊர் திரும்பும் வழியில், 1595-ல், பெருஞ்சுவரை ஒட்டிய முகாமில் பாக்கியைக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள். பயிற்சி மைதானத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஆயுதம் இல்லாமல் போனார்கள். அங்கே அவர்களை வெட்டிச் சாய்த்தது மிங் படையேதான்.