மணிக்குப் பத்து ரூபாய்

பவானி கூடுதுறைக்கு வெளியூர்க்காரர்கள் சாம்பலோடு வருவார்கள். காவிரியும் பவானியும் சேருமிடத்தில் கரைத்துவிட்டு, சங்கமேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடுவார்கள். ஆடி அமாவாசையன்று நிற்க இடம் இருக்காது. இத்தனை பேருக்குத் திதி நடக்கிற ஊரில், எங்கள் சந்திலேயே செத்துப்போன ஒன்றுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட யாரும் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் தோற்றம் 1998, மறைவு 2013 என்று போட்டிருக்கலாம். படத்துக்கு ஒரு துருப்பிடித்த ஷட்டர் போதும்.

மறைந்தது மணிக்கணக்கு வீடியோ கேம் கடை.

மேட்டூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தையல் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. மூன்று டிவி, மூன்று கறுப்புப் பெட்டி, சுவரில் ஒரு கடிகாரம், மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தரையில் ஜமுக்காளம். மொரமொரப்பான நூல் என்பதால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் தொடையில் வரிவரியாக அச்சு விழுந்திருக்கும். வேறு ஊராக இருந்தால் அந்த அச்சை வைத்தே வீட்டில் பிடித்திருப்பார்கள். பவானியில் ஜமுக்காளம் இல்லாத வீடு எது? தப்பித்தோம்.

மணிக்குப் பத்து ரூபாய், அரை மணிக்கு ஆறு. இரண்டு அரை மணி ஆடினால் பன்னிரண்டு ஆகிவிடும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைவிட அந்தக் கடை எனக்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்லித் தந்தது.

பெட்டி ஜப்பான் வம்சம். நின்டெண்டோ 1983ல் கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல். லிட்டில் மாஸ்டர் போலப் பெயர் வைத்து இந்தியாவில் விற்றவையும் அதே சாதிதான். எங்கள் கடையில் இருந்தவற்றுக்குப் பெயரே கிடையாது. கேசட்டைச் செருகி, படம் வரவில்லை என்றால் எடுத்து ஊதி, மறுபடி செருக வேண்டும். ஊதுவதால் ஒரு பயனும் இல்லை, திரும்பச் செருகுவதால்தான் வேலை செய்தது என்று பின்னால் படித்தேன். அன்று அதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டோம்.

கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போனால் அதே மரியோ, அதே கான்ட்ரா, அதே டேங்க், அதே கார் ரேஸ், வேறு வேறு எண்ணில், வேறு வேறு ஸ்டேஜில் தொடங்கும். உள்ளபடி ஏழெட்டு ஆட்டம் தேறும். வீடியோ கேமின் நீளத்தைப் பற்றி நான் கேட்ட முதல் பொய் இது. இந்தப் பொய்யைப் பெரிய நிறுவனங்களும் சொல்லும் என்பது 2022 ஜனவரியில் தெரிந்தது. போலந்தின் டெக்லேண்ட் நிறுவனம், தங்கள் 'டையிங் லைட் 2' ஆட்டத்தை முழுதாக முடிக்க 500 மணி நேரம் ஆகும் என்று பெருமையாக அறிவித்தது. கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கிடைத்தது வசவு. வேலைக்குப் போய் குடும்பம் நடத்துகிறவன் எங்கே போவான் என்று உலகமெங்கும் கேட்டார்கள். கதை மட்டும் என்றால் 20 மணி நேரம்தான் என்று நிறுவனம் உடனே விளக்கம் கொடுத்தது. 500 என்பதும் பட்டியலை நீட்டிய எண்தான்.

எங்கள் ஆட்டங்கள் குட்டையானவை. 1985ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. காலையில் மாமா அனுப்பும் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ படம் அதைவிடப் பெரிது. எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு, மொத்தம் 32 ஸ்டேஜ். வழி தெரிந்தவர் அரை மணியில் முடித்துவிடலாம். உலகச் சாதனைக்காரர்கள் குறுக்குவழி பிடித்து ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள்.

எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இங்கேதான் நீளம் குட்டை என்ற பேச்சே குழம்புகிறது. அந்தப் பெட்டியில் சேமிக்கும் வசதி இல்லை. முழுதாக முடிக்க நினைத்தால் ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று லைஃப் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. இடம் போதாமல் ஆட்டத்தை நீட்ட முடியாதவர்கள் அதைக் கடினமாக்கி வைத்தார்கள். காசு போட்டு ஆடும் எந்திரக் கடைகளிலிருந்து வந்த பழக்கம் அது: ஆள் சீக்கிரம் சாக வேண்டும், அடுத்த காசு விழ வேண்டும். ஆக, அரை மணி ஆட்டம் ஒரு வருடப் பாடமாயிற்று. முதல் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜில், கூரைக்கு மேலே ஏறி ஓடினால் நாலாவது உலகத்துக்கே குழாய் இருக்கிறது என்று குமாரபாளையத்திலிருந்து வந்த ஒரு பையன் காட்டிய நாளில் கடையே எழுந்து நின்றது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்த ரகசியம் என்பதால் மதிப்பு கூடுதல். கான்ட்ராவுக்கு முப்பது லைஃப் தரும் பொத்தான் வரிசையும், மேல் மேல் கீழ் கீழ் என்று, அப்படித்தான் வந்தது. அதை உருவாக்கிய கோனாமிக்காரர் கசுஹிசா ஹஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் இறந்தபோது எங்கள் பழைய செட்டு வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் அந்த வரிசையை அம்புக்குறியாகப் போட்டோம். அவர் பெயரை அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

நேரம் முடிகிறபோது கடைக்கார அண்ணன் சத்தம் போட மாட்டார். தோளில் ஒரு விரல் வைப்பார். "ஏனுங்ணா, இந்த ஒரு ஸ்டேஜுங்ணா" என்று கெஞ்சினால், பின்னால் காத்திருப்பவனைக் கண்ணால் காட்டுவார். அவ்வளவுதான். பாஸ் முன்னால் நிற்க, ஜாய்ஸ்டிக்கைக் கைமாற்றிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். மிச்ச ஆட்டம் வீடு போகும் வழியெல்லாம் தலைக்குள் ஓடும். அந்த விரலுக்குத்தான் இந்த அஞ்சலி எழுதுகிறேன் என்று நினைக்கிறேன்.

கரண்ட் போனால் வேறு சட்டம். எவ்வளவு நேரம் மிச்சமோ அது பெயர் போட்டு நோட்டில் ஏறும். 2008க்குப் பிறகு தமிழ்நாட்டில் மின்வெட்டு கூடியது, 2012ல் கொங்கு நாட்டில் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. தறிக்காரர்களும் மில்காரர்களும் பட்டதற்கு முன்னால் கேம் கடையின் துக்கம் எம்மாத்திரம்! ஆனாலும் அந்த நோட்டைப் பார்த்தவனாகச் சொல்கிறேன், கடைசி வருடங்களில் ஆடியதைவிடப் பாக்கி அதிகமாக இருந்தது.

அதற்கு முன்பே ஒரு அடி விழுந்திருந்தது. 2006ல் அரசின் இலவசக் கலர் டிவி வந்தது. டிவி வந்த வீட்டுக்குச் சந்தையில் வாங்கிய கேம் பெட்டியும் வந்து சேர்ந்தது. அண்ணன் சளைக்கவில்லை, ஈரோட்டிலிருந்து இரண்டு பிளேஸ்டேஷன் 2 வாங்கி வந்தார், மணிக்கு இருபது ஆக்கினார். ஆட்டங்கள் நீளமாயின. சான் ஆண்ட்ரியாஸ் என்றொரு ஆட்டம், 2004ல் வந்தது, கதையை முடிக்க முப்பது மணி நேரம் வேண்டும். எங்கள் கடையில் அந்தக் கதையை முடித்தவன் ஒருவனும் இல்லை. மணிக்கணக்கில் வெட்டி ஆடினால் கதை எங்கே நகரும்? இருந்த ஒரே மெமரி கார்டில் ஒருவன் சேமித்ததன் மேல் இன்னொருவன் சேமித்து, அதில் இரண்டு கைகலப்பு. கடைசியில் எல்லாரும் கள்ளக் குறியீடு போட்டு டாங்கி ஓட்டினோம். அண்ணன் அந்த சிடியையே எடுத்து உள்ளே வைத்துவிட்டார். ஒருத்தன் ஆட மூணு பேர் வெறுமனே உட்கார்ந்திருந்தால் கடை தேறாது என்பது அவர் கணக்கு. கிரிக்கெட்டும் மல்யுத்தமும் மிஞ்சின. இரண்டிலும் ஆட்டம் முடிகிறது, அடுத்தவன் உட்காருகிறான். விளையாட்டின் நீளத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே சுருக்கமானது அந்த சிடியை எடுத்து உள்ளே வைத்ததுதான்.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லத்தான் வேண்டும். அறையில் காற்று கிடையாது. பெரிய பையன்கள் சின்னவர்களின் நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். சிடி அத்தனையும் திருட்டு நகல். பள்ளிக்கூட நேரத்தில் பாதி ஷட்டரை இறக்கி நடத்திய நாட்களும் உண்டு. பெண் பிள்ளை ஒருத்திகூட உள்ளே வந்து நான் பார்த்ததில்லை. என் அம்மா சுருக்குப்பையிலிருந்து போன சில்லறைக்கும் இன்றுவரை கணக்குச் சொல்லப்படவில்லை.

பிறகு போன். 2016ல் ஜியோ, 2018ல் பப்ஜி. ஜியோ வருவதற்குள்ளேயே கடை மூடி மூன்று வருடம். போனில் ஆடுகிற ஆட்டத்துக்கு முடிவு என்ற ஒன்றே இல்லை; சீசன் முடிந்தால் அடுத்த சீசன். பப்ஜியை 2020 செப்டம்பரில் முடித்து வைக்க மத்திய அரசின் தடை உத்தரவு தேவைப்பட்டது, அதுவும் அடுத்த வருடமே வேறு பெயரில் திரும்பி வந்தது. அம்மா கேண்டி க்ரஷ் ஆடுகிறார். மரியோவில் 32 ஸ்டேஜ், கேண்டி க்ரஷில் பதினைந்தாயிரத்துக்கும் மேல். ஐந்து லைஃப், போனால் ஒன்று திரும்ப அரை மணி நேரம். காத்திருக்க முடியாதவர்கள் காசு கட்டலாம். அண்ணன் காசு வாங்கிக்கொண்டு எழுப்பிவிட்டார். இது எழுந்து போகிறவனிடம் காசு கேட்கிறது.

சோனி பிளேஸ்டேஷன் பிரிவின் முன்னாள் தலைவர்களில் ஒருவரான ஷான் லேடன் 2020ல், இவ்வளவு நீள ஆட்டங்களைச் செய்யும் செலவு கட்டுப்படியாகாது, பன்னிரண்டு பதினைந்து மணி நேர ஆட்டங்களுக்குத் திரும்ப வேண்டும் என்ற கருத்தில் பேசினார். நான் அவர் கட்சிதான். ஆனால் பெருந்துறை மில்லில் வேலை செய்யும் என் சித்தப்பா மகன் ஒத்துக்கொள்வதில்லை. "ஒருக்கா வாங்குனா வருசம் பூராம் ஓடோணும்ங்ணா, மாசம் ஒண்ணு வாங்க எனக்கென்ன தறியா ஓடுது?" என்கிறான். ஒரே ஆட்டத்தை வாங்கக் காசு சேர்க்கிறவனுக்கு நீளம்தான் நியாயம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

போன தீபாவளி விடுமுறையில் 'வெண்பா' ஆடினேன். 2023ல் வந்தது, டொராண்டோவிலிருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். வெண்பா, பாவலன், மகன் கவின். கிழிந்தும் அழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி ஊற்றுவதில் தொடங்குகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிரிட்டனின் பாஃப்டா 2024ல் சிறந்த அறிமுக ஆட்டம் என்ற விருதை அதற்குக் கொடுத்தது. இதற்குப் பதினைந்து டாலரா, இவ்வளவு குட்டையாக இருக்கிறதே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எங்கள் கடைக் கணக்கில் ஒன்றரை மணிக்குப் பதினாறு ரூபாய். பெயரிலேயே குட்டை என்று எச்சரித்துவிட்டுத்தான் விற்கிறார்கள், குறளும் வெண்பாதானே. முடிந்ததும் எழுந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். ஐந்நூறு மணி நேர ஆட்டம் எதுவும் என்னை அப்படி எழுப்பிவிட்டதில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். பழைய டிவிகள் எடைக்குப் போய்விட்டன. வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி ஒன்று என் பரணில் கிடக்கிறது. அது பழைய குழாய் டிவியின் ஒளியைப் பார்த்துத்தான் வேலை செய்யும், இன்றைய டிவியில் எத்தனை சுட்டாலும் வாத்து விழாது.

அண்ணனை இந்த ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் கூடுதுறையில் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, ஆளை அடையாளம் பிடித்துவிட்டார். 2012ல் கரண்ட் போனபோது என் பெயரில் பதினேழு நிமிடம் பாக்கி நின்றதே, அது என்னவாயிற்று என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"நோட்டு அட்டையிலயே எழுதியிருந்தேனுங்களே தம்பி, பாக்கி ஒரு வாரத்துக்குத்தான் செல்லும்னு."

எழுதியிருந்தது உண்மைதான்.