முத்துக்குளித்தலும் மச்சான் பிடித்த கயிறும்

பொட்டிப்புரத்திலிருந்து கடல் வெகுதொலைவு. அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டமும் அதற்கு எழுந்த எதிர்ப்பும்தான் தேனி மாவட்டத்தின் இச்சிற்றூரை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தின. கடலடியைப் பற்றிய கட்டுரையை இங்கிருந்தா தொடங்குவது என்று நண்பர்கள் வியக்கலாம். காரணம் இருக்கிறது. கிணற்றுப் பாசனம் உள்ள ஊர்களில் பிள்ளைகள் நீச்சல் பழகும் விதத்தைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, மறுமுனையை மேலே நின்று ஒருவர் பிடித்துக்கொள்வார். பெரும்பாலும் தந்தை, அல்லது தாய்மாமன். நீருக்குள் ஒருவர், கரையில் ஒருவர், இடையே ஒரு கயிறு. தமிழ்நாட்டில் நீர்மூழ்குதலின் வரலாறு நெடுகிலும் இதே காட்சியைத்தான் காண்கிறோம்.

இம்மாவட்டத்தின் வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை, இராமநாதபுரம் கடற்கரையை நோக்கிச் செல்கிறது. அக்கரைக்குத் தெற்கே தூத்துக்குடியையும் கடந்து விரிவது மன்னார் வளைகுடா. பாண்டியரின் முத்து விளைந்த கடல் அது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், மீன்களை மந்திரத்தால் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றன என்கிறார். சுறாக்களின் வாயைக் கட்டும் இம்மந்திரவாதிகள் 'கடல்கட்டி' எனப்பட்டனர். அப்பணி ஒரே குடும்பத்தில் வழிவழியாக வந்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், அக்காலத்துக் கடல்கட்டிக் குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று குறிப்பிடுவது சுவையான செய்தி. மதம் மாறியும் மந்திரம் மாறவில்லை!

இனி மூழ்கும் முறைக்கு வருவோம். சலாபக் காலத்தில் தோணி பாருக்குச் சென்றதும், குளிப்பவர் கனத்த கல்லொன்றில் கால் வைத்து நிற்பார். கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பிகளை இடும் வலைப்பைக்கு ஒரு கயிறு. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு கல்லின் கனத்தால் ஏழெட்டுப் பாகம் ஆழம் சட்டென்று இறங்குவார். அவர் தரையைத் தொட்டதும் கல்லை மட்டும் மேலே இழுத்துவிட வேண்டும். ஏறத்தாழ ஒரு நிமிடம் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை எல்லாம் பையில் வாரிப் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டுகையில் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் அக்கணமே இழுக்க வேண்டும். கவனம் சிதறினாலோ, கண் அயர்ந்தாலோ, அல்லது வேண்டுமென்றே தாமதித்தாலோ... சொல்லவும் வேண்டுமா?

அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? கடற்கரை வாய்மொழி தரும் விடை: மச்சானிடம். அதாவது மனைவியின் உடன்பிறந்தானிடம். தன் கைப்பிழையால் தன் தங்கை தாலி இழப்பதை எந்த அண்ணனும் பொறுக்கமாட்டான் அல்லவா? கல்லின் அளவு, ஆழம், நேரம் ஆகியவற்றை டென்னன்ட் போன்றோரின் ஏடுகளில் படிக்கலாம். மச்சான் செய்தியோ கதையாகவே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எல்லாத் தோணிகளிலும் மச்சான்மாரே கயிறு பிடித்தனர் என்று நான் வாதிடமாட்டேன். ஆயினும் இக்கதையை வெறும் புனைவென்று தள்ளவும் மனம் ஒப்பவில்லை. உடன்பிறந்த சகோதரனை விட்டுவிட்டு மச்சானைத் தேர்ந்தது ஏன் என்பதற்குத் தமிழ்ச் சொல்லே சான்று. அண்ணன் தம்பியர் 'பங்காளி'கள், சொத்தில் பங்குடையவர்கள். ஒருவன் மறைந்தால் மற்றவனுக்கு ஆதாயம் உண்டு. மச்சானுக்கோ இழப்பு மட்டுமே. அன்பை நம்பி அல்ல, உறவின் கணக்கை நன்கு எடைபோட்டே அந்தக் கயிறு கைமாறியிருக்கிறது.

ஜப்பானில் இக்கணக்கு வேறு விதம். 'அமா' என்னும் மூழ்குநர் பெண்கள். அவர்களுள் படகில் செல்வோர்க்குப் பெரும்பாலும் கணவனே கயிறு பிடிப்பவன். மனைவி கீழே, கணவன் மேலே. நம் கரையிலோ கணவன் கீழே, மைத்துனன் மேலே, மனைவி வீட்டில்! எனினும் எந்தக் கடலாயினும் ஒன்று பொது. உறவினர் இருவரும் ஒரே தொழிலில் இருந்தும், ஒருவர் கண்ட கடலடியை மற்றவர் அதே வேளையில் கண்டதில்லை. ஒருவர் மேலே இருந்தே ஆகவேண்டும்.

இந்நிலை மாறியது 1943இல். பிரான்சைச் சேர்ந்த ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் மூச்சின் தேவைக்கேற்பக் காற்றளிக்கும் 'அக்வாலங்' கருவியை உருவாக்கினர். இன்று ஸ்கூபா என்று நாம் சொல்வதன் முன்னோடி அது. அவ்வாண்டு கோடையில் தெற்குப் பிரான்சின் பாந்தோலுக்கு அருகே கூஸ்தோ அதனைச் சோதித்தபோது, அவர் மனைவி சிமோன் நீர்ப்பரப்பில் மிதந்தபடி முகக்கண்ணாடி வழியே கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்தென்று சைகை வந்தால் பாய்வதற்கு நண்பர் தூமா காத்திருந்தார். கயிறு இல்லை, ஆனால் கயிறு பிடிப்பவர் இருந்தார்! (பொட்டிப்புரத்து வாசகர்களுக்கு ஒரு துணுக்கு: 2008 முதல் 2022 வரை கடலடியில் இயங்கிய 'அந்தாரெஸ்' நியூட்ரினோ தொலைநோக்கி, பாந்தோலுக்கு அண்மையில் உள்ள தூலோன் நகரை ஒட்டிய கடலில்தான் அமைந்திருந்தது.) பின்னாளில் சிமோனும் மூழ்கினார். ஏழு வயதில் முதுகில் காற்றுருளை கட்டப்பட்ட மூத்த மகன் ழான்-மிஷேலும், இளைய மகன் பிலிப்பும் தந்தையுடன் கடலுக்குள் சென்றனர். தந்தையும் மக்களும் ஒரே பவளப்பாறையை ஒரே வேளையில், மூச்சுத் திணறாமல், நிதானமாகக் காண்பது அதற்கு முன் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்?

நம் கடலில் இவ்விரு முறைகளும் சிறிது காலம் அருகருகே இருந்தன. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் சலாபங்களே இறுதியானவை. அதன் பின் முத்துப் பார்களுக்குள் காற்றுருளையுடன் இறங்கியவர்கள் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள். அவர்களுள் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் மன்னார் வளைகுடாவின் கடலடிச் சூழலை நேரில் கண்டு 1967இல் எழுதினர். 1973இல் அந்நிலையத்தார் தூத்துக்குடிப் பகுதியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். சங்கு குளிப்போர் மட்டும் மூச்சடக்கி மூழ்குவதைத் தொடர்ந்தனர். தலைமுறை மாற முகக்கண்ணாடியும் காலில் தட்டும் சேர்ந்துகொண்டன.

இன்று சென்னை, புதுச்சேரிக் கடல்களில் ஸ்கூபா கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. பயிற்சியாளர் அரவிந்த் தருண்ஸ்ரீயும், சிறுவயதிலேயே அவரோடு மூழ்கிக் கடலடிப் பிளாஸ்டிக் குப்பையை அகற்றிய அவர் மகள் தாரகை ஆராதனாவும் செய்தித்தாள்களில் இடம்பெற்றவர்கள். மகள் இறங்க, தந்தை மேலே நின்று இழுக்க வேண்டியதில்லை. அவரும் உடன் இறங்குகிறார். ஸ்கூபாவில் எவரும் தனியே மூழ்கலாகாது, இணையோடுதான் செல்ல வேண்டும் என்பது முதற்பாடம். ஒவ்வொருவர் காற்றுருளையிலும் வாயில் கவ்வும் குழாய்கள் இரண்டு இருக்கும். ஒன்று தமக்கு. மற்றொன்று, உடன்வந்தவரின் காற்று தீர்ந்தால் நீட்டுவதற்கு. அக்குழாய் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருப்பதே வழக்கம். கலங்கிய நீரிலும் மற்றவர் கண்ணில் பட வேண்டுமே!