நெபுலாவின் ஒளி யாருடையது?

நிலவின் ஒளி கதிரவனிடம் பெற்ற இரவல் என்பதை மனிதர் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். விண்மீன்கள் தாமே ஒளிர்பவை என்பதும் பின்னர் நிலைபெற்றது. இந்த இரு வகைக்குள்ளும் அடங்காமல் நின்றவை நெபுலாக்கள். தொலைநோக்கியில் புகைத்திட்டுகளாகத் தெரியும் அவற்றின் ஒளி சொந்தமா, இரவலா என்பது தெளிவாக ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், போதிய வலிமையுள்ள தொலைநோக்கி கிடைத்தால் எல்லா நெபுலாக்களும் விண்மீன் கூட்டங்களாகப் பிரிந்து தெரியும் என்று நம்பினார். 1790 நவம்பர் 13 அன்று ரிஷப விண்மீன் குழுவில் அவர் கண்ட காட்சி அந்த நம்பிக்கையை அசைத்தது. நடுவே ஒற்றை விண்மீன். அதைச் சுற்றி மங்கிய ஒளிவட்டம். அந்த வட்டத்தை விண்மீன் கூட்டமாகக் கொள்ள வழியில்லை. ஒளிரும் பாய்மம் ஒன்று விண்வெளியில் உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார். கண்ணால் பார்ப்பதைக் கொண்டு இதற்குமேல் செல்ல முடியவில்லை.

1864 ஆகஸ்டு 29 அன்று லண்டனின் டல்ஸ் ஹில்லில், வில்லியம் ஹக்கின்ஸ் தம் வீட்டுத் தொலைநோக்கியில் நிறமாலைமானியைப் பொருத்தி, டிராகோ குழுவிலுள்ள நெபுலா ஒன்றை நோக்கினார். விண்மீனுக்குரிய தொடர்ச்சியான வண்ணப்பட்டையை எதிர்பார்த்தவருக்கு ஒரே ஒரு பச்சைக் கோடுதான் முதலில் தெரிந்தது. முப்பட்டகம் நிலைமாறிவிட்டதோ என்றுகூட ஐயுற்றார். சூடான, அடர்த்தி குறைந்த வளிமமே இப்படித் தனிக்கோடுகளாக ஒளி உமிழும். ஆக, அந்த நெபுலா வளிமம்; அதன் ஒளி சொந்த ஒளி.

இதற்கு மறுபாதியான விடை கார்த்திகை விண்மீன் கூட்டத்தில் காத்திருந்தது. அக்கூட்டத்தின் மெரோப்பி விண்மீனைச் சூழ்ந்த மங்கலான முகிலை 1859இல் வெனிஸ் நகரிலிருந்து வில்ஹெல்ம் டெம்பெல் கண்டிருந்தார். 1912 டிசம்பரில், அரிசோனாவின் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அதன் நிறமாலையைப் பதிவுசெய்தார். அவ்வளவு மங்கிய ஒளி ஒளிப்படத் தகட்டில் பதிய, ஒரே தகட்டைப் பல இரவுகள் மீண்டும் மீண்டும் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அந்தப் பொறுமையை நினைக்க இன்றும் வியப்பு மேலிடுகிறது. தகட்டில் ஹக்கின்ஸ் கண்டது போன்ற பச்சைக் கோடு இல்லை. ஹைட்ரஜன், ஹீலியத்தின் கருங்கோடுகளுடன் கார்த்திகை விண்மீன்களின் நிறமாலையே அப்படியே இருந்தது. முகில் தானாக ஒளிரவில்லை. அதிலுள்ள நுண்தூசு அருகிலிருக்கும் விண்மீன்களின் ஒளியைச் சிதறடிக்கிறது. மறு ஆண்டில் ஐனார் ஹெர்ட்ஸ்பிரங் செய்த ஒளி அளவீடும் இதற்கு இசைந்தது.

ஸ்லைஃபர் இந்த விடையை அளவுக்கு மீறி நீட்டினார் என்றே சொல்ல வேண்டும். ஆண்ட்ரோமெடா நெபுலாவின் நிறமாலையும் விண்மீனுடையதைப் போலவே இருந்ததால், அதுவும் மைய விண்மீன் ஒன்றின் ஒளியைப் பிரதிபலிக்கும் தூசாக இருக்கலாம் எனக் கருதினார். அது கோடிக்கணக்கான விண்மீன்கள் கொண்ட தனி அண்டம் என்பது பின்னர் தெரிந்தது. நிறமாலை ஒளியின் பிறப்பிடம் விண்மீன் என்றுதான் சொல்லும். அவ்வொளி நேராக வந்ததா, தூசில் பட்டு வந்ததா என்பதை அது மட்டுமே தீர்மானித்துவிடாது.

இரு வகைகளையும் இணைத்தவர் எட்வின் ஹபிள். 1922இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, நம் அண்டத்திலுள்ள பரவிய நெபுலாக்களின் இருவகை ஒளிக்கும் காரணம் அருகிலுள்ள விண்மீனே. விண்மீன் மிகவும் சூடானதாக இருந்தால் நெபுலா கோடுகளை உமிழ்கிறது. வெப்பம் குறைந்ததாக இருந்தால் பிரதிபலிக்கிறது. இங்கேதான் பழைய கேள்வியே மாறிப்போகிறது. இரவல் பெற்ற பணத்தை அப்படியே கைமாற்றிவிடுவது மெரோப்பியின் தூசு. ஓரியன் நெபுலாவின் வளிமமோ பெரிய நோட்டை வாங்கிச் சில்லறையாக மாற்றித் தருகிறது: விண்மீனின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது, அந்த எலெக்ட்ரான் மீண்டும் சேர்ந்து படிப்படியாக இறங்கும்போது, ஆற்றல் குறைந்த ஃபோட்டான்கள் பல வெளிவருகின்றன. நாம் சொந்த ஒளி என்று அழைத்ததும் விண்மீன் கொடுத்த ஆற்றல்தான்.

ஹக்கின்ஸ் கண்ட பச்சைக் கோடு மட்டும் புதிராகவே நீடித்தது. புவியில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் அது பொருந்தாததால் ‘நெபுலியம்’ என்றொரு தனிமத்தைக் கற்பித்தனர். சூரியனில் முதலில் அடையாளம் காணப்பட்ட ஹீலியம் 1895இல் புவியிலும் அகப்பட்டதால், அந்தக் கற்பனையில் தவறு காண்பதற்கில்லை. 1927இல் ஐரா போவென் புதிரை அவிழ்த்தார். 500.7 நானோமீட்டரிலுள்ள அக்கோடு, இரு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனுடையது. அந்த அயனி இக்கோட்டை உமிழப் பல நொடிகள் ஆகும். நம் ஆய்வகக் குடுவைகளில் அதற்குள் மற்றொரு துகள் மோதி ஆற்றலைப் பறித்துவிடும். நெபுலாவின் வெறுமையில் மோத ஆளில்லை.

மெரோப்பித் தூசைப் பற்றி ஒரு திருத்தமும் உண்டு. கார்த்திகை விண்மீன்கள் பிறந்தபோது எஞ்சிய பொருளே அது என்று நெடுங்காலம் எண்ணினர். ஆனால் அக்கூட்டத்துக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். பிறப்பின் மிச்சம் அதற்குள் கலைந்துபோயிருக்கும். இன்று நீலமாகத் தெரிவது, விண்மீன்கள் செல்லும் வழியில் எதிர்ப்பட்ட, அவற்றோடு உறவில்லாத வேறொரு முகில்.