ரெய்லியின் பெயர் இல்லாத ஹப்

சைக்கிளின் பின்சில்லில் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் உருளைக்குள்ளேயே கியரை வைத்து மூடிவிடுவது நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான யோசனை. வெளியே ஒரு செயின், ஒரு பற்சில்லு, ஒரு கேபிள். மற்றதெல்லாம் உள்ளே. ஜேர்மனியின் முன்ஸ்டர் நகரத்தில் சைக்கிள் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறேன். இந்தக் கியர் ஹப்புகளைத் திறந்து பார்ப்பதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை. இதன் வரலாற்றைப் படித்தபோது மனதில் ஒரு பெயர் தங்கிவிட்டது. அதை எந்த ஹப்பின் மேலும் பொறித்து நான் கண்டதில்லை.

அவர் வில்லியம் ரெய்லி, இங்கிலாந்தின் சால்ஃபோர்டைச் சேர்ந்த பொறியாளர். 1896இல் இரண்டு கியர் உள்ள ஹப் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். 'தி ஹப்' என்ற பெயரிலேயே அது விற்பனைக்கு வந்தது. உற்பத்தி செய்த நிறுவனத்தோடு அவர் போட்ட ஒப்பந்தம், பின்னால் அவர் செய்யப்போகும் கண்டுபிடிப்புகளையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது. பிறகு மூன்று கியர் ஹப்பை வரைந்தபோது தன் பெயரில் பதிய முடியாத நிலை. கூட வேலை செய்த ஜேம்ஸ் ஆர்ச்சரின் பெயரில் காப்புரிமை பதிவாயிற்று. சைக்கிள் வரலாற்றாசிரியர் டோனி ஹட்லண்ட் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அதே காலத்தில் ஹென்றி ஸ்டேர்மி என்ற பத்திரிகை ஆசிரியரும் தனியாக ஒரு மூன்று கியர் ஹப்பை வடிவமைத்திருந்தார். இரண்டையும் வாங்கியவர் ஃபிராங் போடன். ஹொங்கொங்கில் பொருள் தேடி, உடல் நலிந்து ஊர் திரும்பியவர் அவர். சைக்கிள் ஓட்டச் சொல்லி வைத்தியர் கூற, ஓட்டித் தேறினார். பிறகு நொட்டிங்ஹாமின் றலி வீதியில் இயங்கிய சிறிய சைக்கிள் தொழிலகத்தையே வாங்கி, 1888இல் றலி கம்பனியைத் தொடங்கினார். 1902, 1903 வாக்கில் ஸ்டேர்மி-ஆர்ச்சர் ஹப் பிறந்தது. தொழிற்சாலை செய்யத் தொடங்கியது பெரும்பாலும் ரெய்லியின் வடிவத்தைத்தான். பெயர்ப்பலகையில் ஏறியவை மற்ற இருவரின் பெயர்கள். இது எனக்கு இன்றும் மனக்குறைதான். கைவேலை செய்கிறவனுக்கு, வரைந்தவன் யார் என்பது சின்ன விஷயம் அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது? 1936இல் வந்த ஸ்டேர்மி-ஆர்ச்சரின் ஏடபிள்யூ ஹப்பை எடுத்துக்கொள்கிறேன், அதைவிடத் தெளிவாக விளக்கும் ஹப் கிடையாது. அச்சில் அசையாமல் நிற்கும் 20 பல் கொண்ட சூரியப் பற்சில்லு ஒன்று. அதைச் செக்கு மாடுகளைப் போலச் சுற்றிவரும் நாலு கோள் பற்சில்லுகள், ஒவ்வொன்றிலும் 20 பல். அவற்றைச் சுற்றி, உட்புறம் 60 பல் வெட்டிய ஒரு வளையம். செயின் வளையத்தைச் சுற்றினால், கோள்களைத் தாங்கும் கூடு மெதுவாகச் சுழலும்: 60ஐ 80ஆல் வகுத்தால் 75 சதவீதம். ஏற்றத்துக்கு அது. செயின் கூட்டைச் சுற்றி, வளையம் சில்லைச் சுற்றினால் 80ஐ 60ஆல் வகுக்க வேண்டும், 133 சதவீதம். காற்று முதுகில் அடிக்கும்போது அது. நடுக் கியரில் செயினின் வேகமே சில்லின் வேகம். எந்தப் பாதையில் விசை போக வேண்டும் என்று தீர்மானிப்பவை அச்சுக்குள் ஓடும் மெல்லிய சங்கிலி, ஒரு கிளச், சில சிறிய கொளுக்கிகள். பெடல் மிதிக்காமல் உருளும்போது டிக், டிக் என்று கேட்கிறதே, அந்தக் கொளுக்கிகளின் சத்தம்தான் அது.

ஏடபிள்யூவின் உடலில் எண்ணெய் விட ஒரு சிறு வாய் உண்டு. செய்த ஆண்டையும் மாதத்தையும் உடலிலேயே அடித்திருப்பார்கள். அறுபது ஆண்டு பழையதொன்று பட்டறைக்கு வந்தாலும் வயதைக் கேட்கத் தேவையில்லை. திறப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வலப்பக்கப் பேரிங் வளையத்தின் மரை இரட்டைத் தொடக்கம் கொண்டது. கழற்றுமுன் எந்தக் கம்பிக்கு நேரே நிற்கிறது என்று அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது மற்றத் தொடக்கத்தில் ஏறி, சில்லு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். திருத்துபவன் இதைத் திறப்பான் என்று எண்ணியே செய்த பொருள் இது.

யாழ்ப்பாணத்தில் என் சிறுவயதில் றலி சைக்கிள் என்றால் சீதனப் பேச்சில் வரும் சொத்து. பெரும்பாலானவை ஒற்றைக் கியர்தான். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் வண்டியில்தான் மூன்று கியர் ஹப்பை முதலில் பார்த்தேன். கியர் மாற்ற அவர் ஹாண்டிலில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவதைப் பார்க்கவே பின்னால் ஓடுவோம். 1990களில் போரின் நடுவே பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது விறகு, மரக்கறி, நோயாளி என்று குடாநாடே சைக்கிளில் நகர்ந்தது. டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். உதிரிப்பாகம் வராது என்பதால் எதையும் எறிய மாட்டார்கள். பேரிங்கைத் தாங்கும் கோன் ஒன்று தேய்ந்தால் இன்னொரு பழைய ஹப்பிலிருந்து எடுப்பார்கள். என் கைப்பழக்கம் அங்கே தொடங்கியது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு உறவு உண்டு. பிரித்தானிய ரியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனம் முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949இல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. அதே ரியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் 1960இல் றலியையும், அதோடு ஸ்டேர்மி-ஆர்ச்சரையும் தன் கீழ் கொண்டுவந்தது.

ஜேர்மனியில் இந்தக் கதை ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தினுடையது. சைக்கிள் பந்தயம் ஓடிய ஏர்ன்ஸ்ட் சாக்ஸும் கார்ல் ஃபிக்டலும் 1895இல் அங்கே கம்பனி தொடங்கினார்கள். 1903இல் அவர்களுடைய டோர்பெடோ ஹப் வந்தது. மிதிப்பதை நிறுத்தினால் சும்மா உருளும், பின்னுக்கு மிதித்தால் பிறேக் பிடிக்கும். பின்னாளில் கியரும் அதற்குள் சேர்ந்தது. இங்கே முதியவர்கள் பலர் இன்றைக்கும் பின்மிதி பிறேக் இல்லாத வண்டியில் ஏற மறுப்பார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஈரத்திலும் பனியிலும் அது கைவிடாது.

நல்ல வடிவத்தைக் கெடுத்த வரலாறும் இதில் இருக்கிறது. 1950களின் நடுவில் ஏடபிள்யூவுக்குப் பதிலாக எஸ்டபிள்யூ என்ற ஹப்பை ஸ்டேர்மி-ஆர்ச்சர் கொண்டுவந்தது. மிதிக்கும்போது கியர் நழுவியது. புகார்கள் குவிந்தன, அது போயிற்று. ஏடபிள்யூ நிலைத்தது. பிறகு 2000இல் நொட்டிங்ஹாம் நிறுவனமே விற்கப்பட்டு மூடப்பட்டது. இயந்திரங்களையும் பெயரையும் தாய்வானின் சன்ரேஸ் வாங்கிக்கொண்டது. றலியின் பழைய தொழிற்சாலை நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது நொட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. தாய்வானில் செய்யப்படும் மூன்று கியர் ஹப்பில் இன்றும் அதே 75, 100, 133தான். ரெய்லி தொடங்கிவைத்தது அவர் பெயர் இல்லாமலே ஓடுகிறது.

இதற்கிடையில் மின்சைக்கிள் வந்தது. 1993இல் யமஹா ஜப்பானில் விற்கத் தொடங்கிய மின்னுதவிச் சைக்கிள்தான் இந்த வகையின் முன்னோடி. இன்று ஐரோப்பிய விதிப்படி மோட்டருக்கு 250 வாட், உதவி 25 கிலோமீற்றர் வேகம் வரை. மோட்டர் பெடல் அச்சில் இருக்கும் வண்டிகளில் அதன் விசையும் காலின் விசையும் ஒரே செயினில் கூடி, பின் ஹப்புக்குள் இறங்குகின்றன. வலுவான மோட்டர்கள் 85 நியூட்டன் மீற்றரும் அதற்கு மேலும் முறுக்குகின்றன. மனிதக் காலைக் கணக்கிட்டு வெட்டிய பற்களுக்கு இது இரட்டைச் சுமை. அதைவிடக் கெடுதியானது, கியர் மாறும் கணத்திலும் மோட்டர் தள்ளிக்கொண்டே இருப்பது. கொளுக்கி பாதி ஏறிய நிலையில் விசை விழுந்தால் அதன் நுனி தெறிக்கும். தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். ஷிமானோ 2019இல் மின்சைக்கிளுக்கென்றே ஐந்து கியர் ஹப் ஒன்றை வெளியிட்டது. காசல் நகரத்தை அடுத்துள்ள றோலொஃப் நிறுவனம் 1998 முதல் செய்துவரும் பதினான்கு கியர் ஹப் எண்ணெயில் குளித்தபடி ஓடுகிறது. 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள்.

போன மாரிகாலத்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா மின்சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எட்டு கியர் ஹப், ஏற்றத்தில் மிதித்தால் கடக்கென்று நழுவுகிறது.

"தம்பி, வேற கடையில சில்லு முழுக்க மாத்தோணும் எண்டு சொல்லிப்போட்டாங்கள். அவ்வளவு காசுக்கு நான் எங்க போக?"

"பொறுங்கோ அக்கா, திறந்து பாப்பம். உடல் நல்லாயிருந்தா உள்ளுக்கு மட்டும் மாத்தலாம்."

கேபிளைத் தளர்த்தி விடுவித்தேன். அச்சுச் சுழலாமல் பிடிக்கும் வாசர்கள் எந்தப் பக்கம், எந்தக் கோணம் என்று குறித்துக்கொண்டேன். அவை மாறினால் அத்தனையும் பிழைக்கும். சில்லை இறக்கி, பற்சில்லைப் பிடித்திருந்த வளையக் கம்பியை நெம்பி எடுத்தேன். இடப்பக்க நட்டையும் கோனையும் கழற்றியதும் உள்ளலகு முழுதாக வலப்பக்கமாக வெளியே வந்தது. கிறீஸ் துருநிறக் கூழாகியிருந்தது, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒரு கோள் பற்சில்லில் இரண்டு பல் இல்லை. கொளுக்கி ஒன்றின் விளிம்பு உருண்டுவிட்டது.

ஹப்பின் உடலைத் துடைத்து, பேரிங் ஓடும் பாதையை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். குழி இல்லை. அதுதான் தீர்ப்பு. குழி விழுந்திருந்தால் உடலையும் மாற்றி, 36 கம்பியையும் புதிதாகக் கோத்திருக்க வேண்டும். அதே மாதிரி எண் கொண்ட புதிய உள்ளலகு தனியாகக் கிடைத்தது. எட்டு கியர் என்றால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாது: பிறேக்கின் வகை, அச்சின் நீளம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். புதிய கிறீஸ் வைத்து உள்ளே இறக்கினேன். கோனை ஆட்டமும் இறுக்கமும் இல்லாத இடத்தில் நிறுத்துவதுதான் நேரம் எடுத்த வேலை. சில்லைப் பூட்டி, நான்காம் கியரில் வைத்து, இரண்டு நிறக்கோடுகளும் நேருக்கு நேர் வரும்வரை கேபிளைத் திருகினேன். செயினில் ஒரு சென்ரிமீற்றர் தொய்வு விட்டேன்.

சில்லு முழுவதையும் எறியச் சொல்வது தொழில் அல்ல என்பது என் உறுதியான எண்ணம். ரிம், கம்பி, ஹப்பின் உடல் மூன்றும் நன்றாக இருக்கும்போது, உள்ளலகைத் தனியே விற்பதும் மாற்றுவதும் தயாரிப்பாளருக்கும் கடைக்காரருக்கும் கடமை. இந்த ஹப் பிறந்த நாளிலிருந்தே அதன் உள்ளும் புறமும் பிரியும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

வண்டியைக் கொடுக்கும்போது அக்காவிடம் ஒன்றைச் சொன்னேன். கியர் மாற்றுமுன் அரைச் சுற்றுக்குக் காலின் பாரத்தை விடுங்கோ.

"நான் விட்டாப் போதுமோ? மோட்டர் விடுமோ?"

விடும். பெடல் அச்சில் காலின் அழுத்தத்தை அளக்கும் உணரி இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் மோட்டரும் உடனே தளரும். பட்டறைக்கு முன்னாலிருந்த பாதையில் அவர் இரண்டுமுறை போய்த் திரும்பி, கியர் மாறும்போது சத்தம் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். இரண்டு ஆண்டில் உள்ளலகை எண்ணெயில் தோய்த்தெடுக்கத் திரும்ப வரவேண்டும் என்று பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.