சோற்றுப் பானையும் அடைப்பான் ஊசியும்

மாடு வளர்த்தவர்களுக்கு அடைப்பான் என்ற பெயரைச் சொன்னாலே போதும். மாலையில் புல் மேய்ந்து வந்த மாடு காலையில் வயிறு உப்பிக் கிடக்கும். மூக்கிலும் ஆசன வாயிலும் கறுத்த ரத்தம் கசியும், உறையாது. ஆங்கிலத்தில் ஆந்த்ராக்ஸ். கால்நடைத் துறையில் வட ஆற்காடு பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி: இப்படிச் செத்த மாட்டை அறுக்கக் கூடாது, தோலை உரிக்கக் கூடாது.

"தோலாவது மிஞ்சட்டும் சார், இருந்த ஒரு மாடும் போச்சு" என்று கேட்பார்கள். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் விதிக்குக் காரணம் உண்டு. உடம்புக்குள் இருக்கும்வரை இந்தக் கிருமி சாதாரணக் குச்சி வடிவம்தான். உடம்பு அழுகும்போது அதில் பெரும்பகுதி தானே செத்துப்போகும். அறுத்துக் காற்றுப் பட்டால் ஒவ்வொன்றும் ஒரு கெட்டி ஓட்டுக்குள் சுருண்டு வித்தாக மாறிவிடும். அந்த வித்து மண்ணில் பல வருஷம் கிடக்கும். இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1942-இல், பிரிட்டிஷ் ராணுவம் ஸ்காட்லாந்தின் குருனார்ட் தீவில் இந்தக் கிருமியைக் குண்டில் வைத்து ஆடுகள்மேல் வெடித்துப் பார்த்தது. அந்தத் தீவு பத்திரமானது என்று அறிவிக்க 1990 ஆயிற்று. அதற்கும் முன்னால் கடல்நீரில் ஃபார்மலின் கலந்து தரை முழுக்கத் தெளிக்க வேண்டியிருந்தது.

இந்த வித்துச் சங்கதியை 1876-இல் கண்டு சொன்னவர் ராபர்ட் கோக். அப்போது அவர் ஒரு சின்ன ஊரின் அரசு வைத்தியர்தான். மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த நீரில் கிருமியை வளர்த்து, அது வித்தாவதையும் வித்து மறுபடி முளைப்பதையும் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தார்.

அடுத்தது பாஸ்டர். 1881 மே மாதம் பிரான்ஸில் ஒரு பண்ணையில் ஊர் கூட்டி, 24 ஆடுகளுக்கு ஊசி போட்டு, 24 ஆடுகளைப் போடாமல் விட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் வீரியமான கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2-ஆம் தேதி கூட்டம் வந்து பார்த்தபோது ஊசி போட்டவை நின்றன, போடாதவை விழுந்து கிடந்தன. கிருமியை 42, 43 டிகிரி சூட்டில் வளர்த்தால் வீரியம் குறையும் என்பது அவர் வெளியே சொன்ன முறை. அன்று உண்மையில் போட்டது பொட்டாசியம் டைகுரோமேட் சேர்த்துப் பதப்படுத்திய ஊசி என்று அவருடைய குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் புரட்டியவர்கள் எழுதினார்கள். பெரிய மனிதர்களும் கொஞ்சம் மறைத்துத்தான் பேசியிருக்கிறார்கள்! சூட்டில் வளர்த்தால் ஏன் வீரியம் போகிறது என்பது அவருக்கே தெரியாது.

நாங்கள் போட்ட ஊசி பாஸ்டருடையது அல்ல. தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1930-களில் கண்டெடுத்த வகை. குதிரைச் சீரம் கலந்த தட்டில் கரியமில வாயு சூழ வளர்த்தார். வழக்கமாகக் கிருமி தன்னைச் சுற்றி வழவழப்பான ஓர் உறை கட்டிக்கொள்ளும். அந்த உறை இல்லாத சிலவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார். உறை இல்லாவிட்டால் மாட்டின் ரத்த அணுக்கள் கிருமியை விழுங்கிவிடும், ஆனால் நோயெதிர்ப்பு மட்டும் தங்கும். 1932-இல் தொடங்கிய நம் ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும் அடைப்பான் தடுப்பூசி தயாராகிறது. உறை ஏன் காணாமல் போனது என்பது ஸ்டெர்னுக்கும் தெரியாது.

இனி சோற்றுப் பானைக்கு வருகிறேன். அடைப்பான் கிருமிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் இருக்கிறான், பேசில்லஸ் செரியஸ். 1887-இல் பிராங்க்லண்ட் தம்பதியர் மாட்டுக் கொட்டகைக் காற்றிலிருந்து பிடித்தார்கள். தட்டில் மெழுகு பூசினாற்போல் வளர்ந்ததால் அந்தப் பெயர். ரொம்ப நாள் இதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1947 முதல் 1949 வரை நார்வேயின் ஓஸ்லோவில் சுமார் 600 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. எல்லாரும் சாப்பிட்டது வெனிலா சாஸ். ஸ்டைனார் ஹவுகே என்ற ஆய்வாளர் அதே கிருமியைச் சாஸில் வளர்த்து, 200 மில்லியைத் தானே குடித்தார். 13 மணி நேரம் கழித்து அவருக்கும் பிடித்துக்கொண்டது! 1971-இல் பிரிட்டனில் வேறு ஒரு வடிவம் வெளிப்பட்டது: சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் ஒன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தார்கள். சாதத்தை மொத்தமாக வடித்து, குளிரில் வைத்தால் கட்டி தட்டும் என்று வெளியிலேயே இரவு முழுக்க வைத்திருந்திருக்கிறார்கள்.

அரிசியில் வித்து இருக்கும். உலை கொதித்தாலும் சாகாது. ஆறிய சோற்றில் முளைத்துப் பெருகி ஒரு விஷத்தைச் சுரக்கும். அந்த விஷத்தை மறுபடி சூடு பண்ணினாலும் போகாது, எண்ணெயில் வறுத்தாலும் போகாது. கடலூர், சிதம்பரம் பக்கத்து மே மாதத்து ராத்திரிச் சூடு இதற்கு ரொம்பத் தோது.

அப்படியானால் நம் பாட்டிமார் பழைய சோறு போட்டே வளர்த்தார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் சோற்றைச் சும்மா வைக்கவில்லை, தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். தண்ணீருக்குள் லாக்டிக் அமிலம் சுரக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பெருகி, காலையில் புளிப்பு ஏறும். நன்றாகப் புளித்த இடத்தில் செரியஸ் வளராது. கட்டுச்சோற்றுக்குப் புளிச்சாதம் கிண்டியதும் அதே கணக்குத்தான். ஆனால் மத்தியானம் வடித்த சோற்றை ராத்திரிவரை திறந்து போட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றினால், அதற்குள் சுரந்துவிட்ட விஷத்தைப் புளிப்பு ஒன்றும் செய்யாது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் அண்டாச் சாதம் விஷயத்தில் என் வீட்டில் நான் கறாராக இருப்பது இதனால்தான். மருமகள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். 1997-இல் வந்த ஒரு மருத்துவ அறிக்கையில், ஸ்விட்சர்லாந்தில் 17 வயதுப் பையன் மிஞ்சிய ஸ்பகெட்டியைச் சாப்பிட்டு, இந்த விஷத்தால் கல்லீரல் செயலிழந்து இறந்ததைப் படித்தேன்.

மூன்றாவது சகோதரன் நமக்கு வேலை செய்கிறவன். பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ், சுருக்கமாக பி.டி. 1901-இல் ஜப்பானில் இஷிவாடா என்பவர் செத்த பட்டுப்புழுவில் பார்த்தார். 1911-இல் ஜெர்மனியின் துரிஞ்சியாவில் மாவுப்பூச்சியில் கண்டவர் பெர்லினர், அதனால் அந்தப் பெயர். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையில் கொசுப்புழுவைக் கொல்லும் ரகம் கிடைத்தது. யானைக்கால் வியாதியைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த நமக்கு அதன் அருமை தெரியும். கடலூரிலிருந்து அரை மணி தூரத்தில், புதுச்சேரி நோய் பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் நம் நாட்டிலேயே கிடைத்த பி17 என்ற ரகத்தை வைத்து கொசுப்புழு மருந்து தயாரித்தது. வித்து கட்டும்போது இந்தக் கிருமி ஒரு புரதப் படிகத்தையும் செய்கிறது. புழு அதைத் தின்றால் அதன் குடலின் காரத்தில் படிகம் கரைந்து, குடல் சுவர் பொத்துப்போகும். நம் இரைப்பையில் இருப்பது அமிலம். 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் இருப்பதும் இதே குடும்பத்துக் கிருமியின் மரபணுதான்.

ஒருவன் மாட்டைக் கொல்கிறான், ஒருவன் சோற்றைக் கெடுக்கிறான், ஒருவன் கொசுவைக் கொல்கிறான். எதனால் இந்த வித்தியாசம்? விடை 1983-இல் கிடைக்க ஆரம்பித்தது. கிருமிக்குள் முக்கியமான மரபணு வளையம் போக, மடியில் செருகிய சுருக்குப் பை மாதிரி சின்ன டி.என்.ஏ. வளையங்களும் உண்டு. பிளாஸ்மிட் என்பார்கள். அடைப்பான் கிருமியின் விஷம் அப்படி ஒரு பையில் இருக்கிறது, 42 டிகிரி சூட்டில் வளர்த்தால் அந்தப் பை நழுவிவிடுகிறது. பாஸ்டரின் ரகசியம் நூறு வருஷம் கழித்து வெளிவந்தது! இரண்டு வருஷத்தில் உறைக்கான மரபணு இன்னொரு பையில் இருப்பதும் தெரிந்தது. ஸ்டெர்ன் பொறுக்கி எடுத்தவை அந்த இரண்டாம் பையைத் தொலைத்தவை. நாங்கள் ஐஸ் பிளாஸ்கில் வைத்து ஊர் ஊராகத் தூக்கிப்போன மருந்து அதுதான்.

பிறகு மற்றவர்களின் மடியையும் தேடினார்கள். கொசுவைக் கொல்லும் படிகம் ஒரு பையில். வாந்தி விஷமும் ஒரு பையில், அதுவும் அடைப்பான் விஷப் பைக்குச் சொந்தக்காரப் பை. பைகளை எடுத்துவிட்டுப் பார்த்தால் மூவருக்கும் உடம்பு ஏறக்குறைய ஒன்றே. 2000-இல் நார்வே ஆய்வாளர்கள் இவை மூன்றும் ஒரே இனம் என்றே எழுதினார்கள். வயிற்றுப்போக்கு விஷம் மட்டும் பையில் இல்லை, முக்கிய வளையத்திலேயே இருக்கிறது. அதன் மரபணுக்கள் அடைப்பானிடமும் உண்டு, ஆனால் அவற்றை இயக்கும் சுவிட்ச் அங்கே பழுதாகிக் கிடக்கிறது.

பை கைமாறுவதும் உண்டு. 1994-இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒருவருக்கு அடைப்பான் மாதிரியே கடுமையான நுரையீரல் நோய். எடுத்துப் பார்த்தால் செரியஸ்! பத்து வருஷம் கழித்து அதன் மரபணுவைப் படித்தபோது, அடைப்பானின் விஷப் பை அப்படியே அதனிடம் இருந்தது.

அடைப்பான் ஒழிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021-இல் கோவை ஆனைக்கட்டிக் காட்டில் ஒரு யானை இதனால் இறந்தது. அடுத்த வருஷம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்து மானிடம் இருந்தது. காட்டில் செத்துக் கிடக்கும் விலங்கை இன்றும் சோதித்த பிறகுதான் அறுக்கிறார்கள்.

பெயர் மட்டும் இன்னும் மூன்றாகவே இருக்கிறது. படித்தவர்கள் ஒன்றாக்கலாமா என்று அவ்வப்போது வாதாடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்காரரும் வேளாண்மைக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கொசு மருந்துப் பாக்கெட்டில் அடைப்பான் கிருமியின் பெயரை அச்சடித்தால் எந்தப் பஞ்சாயத்து வாங்கும்?