தப்ரபேன் என்னும் கற்பனையும் கண்டி என்னும் இராச்சியமும்

இலட்சிய அரசொன்றைக் கற்பனை செய்ய முனைந்த மேனாட்டுச் சிந்தனையாளர் பலர் அதனைத் தீவொன்றிலேயே அமைத்தனர். கடல் சூழ்ந்த நிலத்தில் சட்டம், சமயம், குடும்பம் ஆகிய யாவற்றையும் புதிதாக வகுத்துக் காட்டுதல் எளிது. அவ்வாறு படைக்கப்பட்ட கற்பனை நாடுகளுள் ஒன்று இலங்கை மண்ணிலேயே அமைக்கப்பட்டது என்பது நம்முள் பலர் அறியாத செய்தியாகும். அக்கற்பனை நாட்டையும், அதே காலத்தில் இத்தீவின் நடுவே நிலைபெற்றிருந்த கண்டி இராச்சியத்தையும் ஒருங்கு வைத்து நோக்கின், ஒரு நாட்டுக்கு உரியவர் யார், அந்நியர் யார் என்னும் வரையறைகள் எவ்வாறு தோன்றுகின்றன என்பது தெளிவாகும்.

கி. மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோடோரசு என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர், இயாம்பூலசு என்னும் வணிகன் தென்கடலில் கண்டதாகக் கூறிய தீவுகளைப் பற்றி எழுதியுள்ளார். அத்தீவு மக்கள் நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்தனர், பிள்ளைகளைப் பொதுவில் வளர்த்தனர், சூரியனை வழிபட்டனர். அத்தீவு இலங்கையே எனக் கருதியோரும் உளர். 1516இல் தோமசு மூர் எழுதிய 'உட்டோப்பியா'வில், ஊட்டோப்பசு என்னும் அரசன் பதினைந்து மைல் அகலமான நிலத்தை வெட்டிக் கடலைப் பாய்ச்சித் தன் நாட்டைத் தீவாக்குகிறான். கற்பனை அரசின் முதற் கருமம் அயலாரிடமிருந்து தன்னைத் துண்டித்துக் கொள்ளுதலாக அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

இவ்வரிசையில் நமக்கு மிக நெருக்கமானது, இத்தாலியத் துறவியான கம்பனெல்லா நேப்பிள்சு நகரச் சிறையில் இருந்தவாறு 1602இல் எழுதிய 'சூரிய நகரம்' ஆகும். அந்நகரம் தப்ரபேன் தீவில், அதாவது இலங்கையில், ஒரு குன்றின்மேல் ஏழு வட்ட மதில்களுடன் அமைந்திருப்பதாக அவர் எழுதினார். அங்கு தனியுடைமை இல்லை. தலைவனாகிய துறவியின்கீழ் வலிமை, அறிவு, அன்பு என்னும் பெயர் பூண்ட மூவர் ஆட்சி நடத்துவர். அவ்விலட்சியக் குடிகளும் அம்மண்ணின் ஆதிக்குடிகள் அல்லர். கொடுங்கோலர்க்கு அஞ்சி இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களே அவர்கள் என்கிறது அந்நூல். கற்பனையில்கூட, வந்தேறிய மக்களே தப்ரபேனின் சிறந்த அரசை அமைத்தனர்!

கம்பனெல்லா தம் நகரை எழுத்தில் கட்டிய அதே 1602ஆம் ஆண்டில், ஒல்லாந்தக் கடற்றலைவன் யோரிசு வான் இசுபில்பேகன் மட்டக்களப்பில் இறங்கி, மலைவழியாகக் கண்டியை அடைந்து, முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். அம்மன்னனின் வரலாறு எக்கற்பனைக்கும் குறைந்ததன்று. போர்த்துக்கேயரால் வளர்க்கப்பட்டுத் தொன் யுவான் என்னும் பெயரில் ஞானஸ்நானம் பெற்ற அவன், பின்னர் அவர்களையே எதிர்த்து, 1594இல் தந்துறைப் போரில் அவர்தம் படையை முறியடித்தான். புத்தரின் தந்ததாதுவைக் கண்டிக்குக் கொணர்ந்தான். போர்த்துக்கேயரிடம் கற்றவற்றைக் கொண்டே போர்த்துக்கேயரை வென்ற அவனது அரசு, புறவுலகை அறிந்து பயன்படுத்திய அரசாகும்.

புவியியல் நிலையில் கண்டி, தீவினுள் அமைந்த மற்றுமொரு தீவு எனலாம். தலைநகரை மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்து சூழ்ந்திருந்தது. அதற்கப்பால் மலைகளும் அடர்காடுகளும் அரணாயின. பாதைகள் ஒடுங்கியனவாகவே விடப்பட்டன. கணவாய்களில் முள்ளாலான காவற்கதவுகள் இருந்தன. களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்டியே அவற்றைக் கடக்கலாம். பேராதனை வளாகத்திலிருந்து நோக்கின் ஆற்றுக்கு அப்பால் தோன்றும் கன்னொறுவையிலேயே 1638இல் இரண்டாம் இராசசிங்கனின் படைகள் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ டி மெலோவின் சேனையை அழித்தன.

எனினும் இவ்வரண்களைக் கொண்டு கண்டியை மூடிய நாடு எனக் கொள்ளுதல் தவறாகும். உப்பும் துணியும் கரையோரத்திலிருந்து வரவேண்டியிருந்தன; மலைநாட்டுப் பாக்கு கடல் கடந்து செல்லவேண்டியிருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் கவர்ந்துகொண்டபோதே அந்நாடு உண்மையில் அடைபட்ட நாடாயிற்று. அந்நிலை பிறரால் திணிக்கப்பட்டது. தாமே முடிவு செய்யக்கூடிய காலத்தில் கண்டி மன்னர் கதவுகளைத் திறந்தே வைத்தனர். போர்த்துக்கேயரால் துன்புற்ற முஸ்லிம்களுக்குச் செனரத் மன்னன் புகலிடம் அளித்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கோவையிலிருந்து வந்த யோசேப்பு வாஸ் அடிகள் 1692 முதல் கண்டியைத் தளமாகக் கொண்டு பணியாற்றி, 1711இல் இந்நகரிலேயே மறைந்தார். தலதா மாளிகையின் அருகே நாத தேவன், விட்டுணு, கதிர்காமக் கடவுள், பத்தினித் தெய்வம் ஆகியோரின் தேவாலயங்கள் இன்றும் உள்ளன. பத்தினி, சிலம்பின் கண்ணகியே என்பதை நாம் அறிவோம்.

இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டிக் கிராமங்களில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1679இல் தப்பிச் சென்று, 1681இல் தமது நூலை இலண்டனில் வெளியிட்டார். 1719இல் வெளிவந்த 'றொபின்சன் குறூசோ'வுக்கு நொக்ஸின் நூலும் ஓர் உந்துதல் என ஆய்வாளர் கருதுவர். ஆயின் குறூசோவின் தீவு ஆளரவமற்றது. நொக்ஸின் தீவோ மக்கள் நிறைந்தது. தப்பியோடும் வழியில் அனுராதபுரத்தை அடைந்தபோது, அங்கிருந்தோர் கண்டி மன்னனின் குடிகளாயினும் தமிழ் பேசுவோர் என்றும், சிங்களம் அறியாதவர் என்றும் நொக்ஸ் குறித்துள்ளார். கண்டி மன்னனின் குடியாவதற்கு ஒரே மொழி பேசுதல் வேண்டப்படவில்லை என்பதற்கு இது கண்கண்ட சான்றாகும்.

இவ்வரசின் ஆட்சியமைப்பும் நோக்கத்தக்கது. மன்னனுக்கு அடுத்த நிலையில் இரு அதிகார்கள் இருந்தனர். எல்லைப்புற மாகாணங்கள் திசாவைகளாலும், தலைநகரை அடுத்த பகுதிகள் றட்டைத் தலைவர்களாலும் ஆளப்பட்டன. ஊர் வழக்குகளைக் கிராமச் சபைகள் தீர்த்தன. நிலத்துக்கு ஈடாகச் செய்யவேண்டிய சேவையே இராசகாரியம். அது 1832இல் பிரித்தானியரால் ஒழிக்கப்படும்வரை நீடித்தது. சூரிய நகரத்தில் தனியுடைமை இல்லாமையால் எல்லோரும் சமமாயினர். கண்டியிலோ நிலம் யாவும் கோட்பாட்டளவில் மன்னனுக்கு உரியதாயிருந்தும் சமத்துவம் பிறக்கவில்லை. செய்யவேண்டிய சேவையைச் சாதி வரையறுத்தது. நிலமானிய அமைப்பின் இறுக்கம் அங்கு முழுமையாக நிலவிற்று. ஆதலின் கண்டியைப் பொற்காலமாகப் போற்றுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆனால் மன்னன் பொறுத்தவரை அவ்வமைப்பு தெளிவான நெறியொன்றைக் கொண்டிருந்தது. பிரதானிகளின் இசைவும், பௌத்தத்தைப் பேணும் கடமையும், அரச குலப் பிறப்பும் அரசுரிமைக்கு வேண்டப்பட்டன. பிறந்த ஊரோ தாய்மொழியோ கேட்கப்படவில்லை.

1739ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதனை மெய்ப்பிக்கும். கண்டி மன்னர் மதுரை நாயக்கர் குலத்துடன் மணவுறவு கொள்ளும் வழக்கம் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. பட்டத்தரசியிடம் மகப்பேறின்றி நரேந்திரசிங்கன் இறந்தபோது, உள்ளூர்ப் பிரபுக் குலத்துப் பெண்ணிடம் அவனுக்குப் பிறந்த உனம்புவே பண்டாரன் இருந்தான். ஆயினும் தாய் அரச குலத்தவள் அல்லள் என்பதால் அவன் விலக்கப்பட்டு, பட்டத்தரசியின் சகோதரன் சிறீ விசய இராசசிங்கன் என்னும் பெயருடன் அரியணை ஏறினான். அதாவது, கடல் கடந்து வந்தவனை அரசனாக்கியது கண்டியின் சொந்த மரபே. அவனுக்குப் பின் 1747இல் முடிசூடிய கீர்த்தி சிறீ இராசசிங்கன், வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சிக்குத் துணைநின்று, சீயத்திலிருந்து துறவியரை வருவித்து 1753இல் உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டினான். சைவ வைணவப் பின்னணியில் வந்த ஒருவனே தளர்ந்திருந்த பௌத்த சங்கத்துக்குப் புத்துயிர் அளித்தான். அவனுக்கு எதிராக 1760இல் பிரபுக்கள், துறவியர் சிலரின் சதியொன்று எழுந்தது என்பதும் உண்மை. அச்சதி முறியடிக்கப்பட்டது, நாயக்கர் ஆட்சி மேலும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

அவ்வாட்சியை முடிவுறுத்தியது 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி அரசிருக்கை மண்டபத்தில் நிறைவேறிய உடன்படிக்கையாகும். சிறீ விக்கிரம இராசசிங்கன் பெப்ரவரியிலேயே பிடிபட்டிருந்தான். அவனது கொடுமைகள் உடன்படிக்கையின் தொடக்கத்தில் கூறப்பட்டன. அவை பல உண்மையே. ஆனால் இரண்டாம் பிரிவு கொடுமை செய்த மன்னனுடன் நிற்கவில்லை. கண்டி மாகாணங்கள்மீது 'மலபார்' இனத்தவரின் உரிமை முழுவதையும் ஒழித்தது. மூன்றாம் பிரிவு அவனுடைய ஆண் உறவினரைப் பகைவராக அறிவித்து, அவர்கள் நாட்டினுள் நுழைவதைத் தடுத்தது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஓரினம் தண்டிக்கப்பட்டது. இவ்வாவணத்தில் ஒப்பமிட்ட பிரதானிகளுள் சிலரின் கையொப்பங்களில் தமிழெழுத்துக்கள் காணப்படுதல் வரலாற்றின் நகை முரணாகும். தமிழெழுத்து அறிந்த அவைதான் தமிழகத்து அரசனை அந்நியன் என விலக்கிற்று.

இதன் காரணத்தை இன உணர்ச்சியில் மட்டும் தேடுதல் பொருந்தாது. மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே அதிகாரப் போட்டி முற்றியிருந்தது. தம் பதவிகளையும் நிலங்களையும் காத்துக்கொள்ளப் பிரபுக்கள் விழைந்தனர். கரையோரத்தைப் பிடித்திருந்த பிரித்தானியருக்கோ மலைநாட்டைப் போரின்றிப் பெற ஒரு நியாயம் வேண்டியிருந்தது. இரு தரப்பினருக்கும் 'அந்நியன்' என்னும் சொல் பயன்பட்டது. பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள அரசனுக்கு முடியைக் கொடுத்த அவ்வாவணமே, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்தவனை வேற்றவன் என்றது!

பொதுமக்கள் அவ்வாறு கருதினரா? இரண்டே ஆண்டுகளில் ஊவாவில் வெடித்த கிளர்ச்சி இவ்வினாவுக்கு விடை தருகிறது. 1817இல் மக்கள் திரண்டது, நாடு கடத்தப்பட்ட மன்னனின் உறவினனான துரைசாமி தானே எனக் கூறிக்கொண்ட வில்பாவே என்பவனின் பின்னேயாகும். பொய்யுரிமை கோரியவன் நாயக்கர் பெயரைச் சூடியது, அப்பெயருக்கு மக்களிடையே மதிப்பு இருந்தமையினாலன்றோ? கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. அதில் இணைந்த கெப்பெட்டிபொலை 1818 நவம்பரில் தலை துணிக்கப்பட்டான். வேலூருக்கு அனுப்பப்பட்ட மன்னன் 1832 சனவரியில் அங்கு மறைந்தான்.

'மலபார்' இனத்தவரை வெளியேற்றிய அதே பிரித்தானியர், சில ஆண்டுகளில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்களையும், பின் தேயிலைத் தோட்டங்களையும் திறந்து, அவற்றுக்குத் தமிழகத்திலிருந்தே தொழிலாளரை வருவித்தனர். அரசுரிமைக்கு ஆகாத இனம் உழைப்புக்கு உகந்ததாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரின் வழித்தோன்றல்களை நாடற்றவராக்கியபோது, 1815இல் எழுதப்பட்ட 'அந்நியர்' என்னும் வரையறை வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. 1964இல் இரு அரசுகளும் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிடத் தொடங்கின. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

ஊட்டோப்பசு நிலத்தை வெட்டித் தன் தீவை ஆக்கினான். பிற்காலத்தார் அதே வேலையைச் சட்டத்தால் செய்தனர். கடல் ஒருபோதும் இத்தீவைப் பிரித்து வைத்ததில்லை. மதுரையையும் சீயத்தையும் கோவையையும் கண்டியோடு இணைத்தது அதுவே. மூடிய தீவு, ஒரே குடி என்பன ஏட்டில் எழுதப்பட்ட கற்பனைகள். கண்டியின் வரலாற்றைக் கற்போர், அக்கற்பனை எந்த ஆண்டில், எவர் நலனுக்காகச் சட்டமாயிற்று என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.